பாலாறு தாண்டி வரும் தம்பி தங்கைகளுக்கு



அமாவாசைதோறும் மேட்டூர், கொளத்தூர் வழியாகப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு வருகிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டத்துப் பிள்ளைகள் நீங்கள். உங்களில் பலருடைய வண்டியின் பெட்ரோல் டேங்கிலும் கார்களின் பின்கண்ணாடியிலும் பெரிய மீசை வைத்த ஒரு முகம் ஒட்டியிருக்கிறது. சோதனைச்சாவடி தாண்டியதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுகிறீர்கள். எல்லாரும் அப்படியில்லை. ஆனாலும் வருடத்துக்கு வருடம் இது கூடிக்கொண்டுதான் வருகிறது. உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் கொள்ளேகாலில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வீட்டில் தமிழ், வேலையில் கன்னடம். நான் பிறந்தபோது கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. பக்கத்துத் தாளவாடி தமிழ்நாட்டிலேயே நின்றுவிட்டது. கோடு நகர்ந்ததே ஒழிய ஆட்கள் நகரவில்லை. இன்றும் மார்ட்டள்ளியிலும் சந்தனபாளையத்திலும் கோபிநத்தத்திலும் தமிழ் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் தாளவாடியில் கன்னடம் பேசுகிறார்கள். ஒடெயரபாளையத்தில் 1970-களிலிருந்து திபெத்திய அகதிகள் மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கிறார்கள். ஹனூரிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சீட்டில் தமிழும் அடுத்த சீட்டில் கன்னடமும் அதற்கடுத்த சீட்டில் திபெத்திய மொழியும் கேட்டபடி நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும்வரை நாங்களெல்லாம் மைசூர் மாவட்டம்தான். எங்கள் தலைமுறை வாயில் இன்னும் மைசூர்தான் வருகிறது.

என் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்தால் மாதையன், மாதேஷ், மாதப்பா, மகாதேவா, மாதம்மா என்று ஒரே சாமியின் பெயர் பக்கம் முழுக்க இருக்கும். எது தமிழ்ப் பிள்ளை, எது கன்னடப் பிள்ளை என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சாமியின் கதையை இந்தப் பக்கம் தேவரகுட்டர்கள் கம்சாளே என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு இரவு முழுக்கப் பாடுவார்கள். தேவர்களையே சிறையில் போட்டு வேலை வாங்கிய சிராவணன் என்ற கொடியவனை மாதேஸ்வரர் அழித்தது அதில் வரும். கோவிலைக் கட்டிய ஜுஞ்சேகவுடர் ஆடு மேய்க்கும் குருபர். பூசை செய்கிறவர்கள் பேடகம்பணர். மலையைத் தங்கள் வீடாக வைத்திருப்பவர்கள் சோளகர்கள். தீபாவளிக்குப் பேடகம்பணச் சிறுமிகள் 101 பேர் காட்டுக்குள் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். 2023-இல் புலிமேல் அமர்ந்த 108 அடிச் சிலையைத் திறந்தார்கள். நீங்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த இரவுப் பாட்டை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேளுங்கள். அதிகாரத்தைப் பற்றி இந்த மலைவாசிகள் என்ன நினைத்தார்கள் என்பது சிலையைவிட அதில்தான் அதிகம் இருக்கிறது.

இப்போது அந்த மீசைக்கு வருகிறேன்.

வீரப்பன் கோபிநத்தத்தில் பிறந்தது 1952. நான் பிறந்தது 1953. வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் ஆந்திரத்தில் பிறந்தது 1954. மூவருக்கும் அடுத்தடுத்த வயது. ஒருவன் யானையைச் சுட்டுத் தந்தம் விற்றான், சந்தன மரத்தை வெட்டினான், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தவன் என்ற பெயரோடு செத்தான். இன்னொருவர் 37 வயதில் தலையில்லாத உடலாகக் காட்டில் கிடந்தார். மூன்றாமவன் பாடம் நடத்திப் பென்ஷன் வாங்கிக்கொண்டு உங்களுக்கு மடல் எழுதுகிறேன். வயதான காலத்தில் எனக்கு இந்த எண்ணம் அடிக்கடி வருகிறது: நான் ஏன் இன்னும் இதையெல்லாம் தூக்கிச் சுமக்கிறேன் என்றால், பேச வேண்டிய மற்ற இருவரும் இல்லை.

சீனிவாஸைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீரப்பனின் சொந்த ஊருக்கே போய்த் தங்கினார் அவர். மருந்தகம் வைத்தார், குடிதண்ணீர் கொண்டுவந்தார், ஆட்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க முயன்றார், மாரியம்மன் கோவில் எழுப்ப உதவினார், தன் கைக்காசையும் போட்டார். வீரப்பன் கூட்டத்திலிருந்த பலரைப் பேசிப் பேசியே சரணடைய வைத்தார். வெறும் துப்பாக்கியோடு போனால் அந்த ஊர் வாய் திறக்காது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். அரசாங்கம் என்றால் லாரியும் லத்தியும் என்று மட்டுமே அறிந்திருந்த ஒரு ஊருக்கு, மருந்து தரும் அரசாங்கம் ஒன்று உண்டு என்று காட்டினார். வீரப்பன் சரணடையப் போகிறான் என்ற சொல்லை நம்பி 1991 நவம்பர் 10-ஆம் தேதி காட்டுக்குள் போனவரைச் சுட்டுக் கொன்று தலையை வெட்டினார்கள். அரசு அவர் இறந்தபின் கீர்த்தி சக்கரம் கொடுத்தது. கோபிநத்தத்து மக்கள் அவர் படத்தை மாரியம்மன் கோவிலில் வைத்திருக்கிறார்கள். பதக்கத்தைவிடப் பெரியது அது என்று நான் நினைக்கிறேன். வீரப்பனின் ஊரே, வீரப்பன் உயிரோடு திரிந்த காலத்திலேயே, அவன் கொன்றவரை நெஞ்சில் வைத்துக்கொண்டது. அவர்மீது வீரப்பன் தரப்பு சொன்ன குற்றச்சாட்டையும் நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு ஊருக்கு ஊர் கோர்ட்டு இருந்தது. காட்டில் ஒருவனே போலீசும் ஜட்ஜும் தூக்கிலிடுகிறவனும் ஆகிவிட்டபின் அந்தக் குற்றச்சாட்டை யாரும் விசாரிக்க வழியில்லாமல் போயிற்று.

வீரப்பனை ஏழைகளின் தோழன் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எரிக் ஹாப்ஸ்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1969-இல் கொள்ளையர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகமெங்கும் கிராமத்து ஏழைகள் சில கொள்ளைக்காரர்களைத் தங்கள் வீரர்களாகக் கொண்டாடியது ஏன் என்று ஆராய்ந்த நூல் அது. தங்களுக்காகக் கேட்க யாருமில்லாத மக்கள் அப்படி ஒருவனை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி, நீங்கள் இப்போது வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் அதே பாலாற்றுப் பக்கம், கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ், வனக்காவலர் போக மிச்சப் பேர் வழிகாட்டவும் தகவல் சொல்லவும் கூட்டிப் போகப்பட்ட ஊர்க்காரர்கள். கூலிக்குப் போனவர்கள், வற்புறுத்தலுக்குப் போனவர்கள். அவர்கள் உங்கள் சாதியாகவும் இருக்கலாம், உங்கள் தாத்தாவின் பங்காளியாகவும் இருக்கலாம். எங்கள் ஹனூர்ப் பக்கத்து முன்னாள் அமைச்சர் நாகப்பாவை 2002 ஆகஸ்ட்டில் காமகெரே வீட்டிலிருந்து தூக்கிப் போனார்கள். டிசம்பரில் பிணம்தான் கிடைத்தது. இதில் எந்த ஏழைக்கு எது கிடைத்தது?

இதுவரை படித்தவர்களில் சிலர், “இவர் போலீஸ் கட்சி” என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அடுத்ததையும் படியுங்கள்.

1993-க்குப் பிறகு, வீரப்பனைப் பிடிக்க வந்த அதிரடிப்படையின் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பயம் உண்டு. மலைமேல் இருந்த முகாமில் ஒரு இடத்தை ‘ஒர்க்ஷாப்’ என்று சொல்வார்கள். அங்கே என்ன நடந்தது என்பதைத் தப்பி வந்தவர்கள் பிறகு விசாரணைக் குழுவின் முன் சொன்னார்கள்: தலைகீழாகத் தொங்கவிட்டது, கரண்ட் வைத்தது, பெண்களுக்கு நடந்தது. வீரப்பனுக்கு ஒரு மூட்டை அரிசி போயிருக்கும் என்ற சந்தேகம் போதும், வீட்டு ஆண்பிள்ளையைக் கூட்டிப் போய்விடுவார்கள். வீரப்பனுக்கு அரிசி தர மாட்டேன் என்று சொன்னால் அவன் கொல்வான். தந்தால் அதிரடிப்படையினர் அடிப்பார்கள். அரிசி கொடுத்தாலும் சாவு, கொடுக்காவிட்டாலும் சாவு என்று ஒரு முழுத் தலைமுறை வாழ்ந்தது.

அந்த நாட்களில் என்னிடம் மனு எழுதிக்கொள்ள ஆட்கள் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். தமிழ் மட்டும் பேசத் தெரிந்தவர்கள், கன்னடத்தில் மனு கொடுக்க வேண்டியவர்கள். ஒருத்தியை மறக்க முடியவில்லை. மடியில் கைக்குழந்தை, இடுப்பில் முடிந்து வைத்த ரேஷன் கார்டு. நான் கேட்டுக் கேட்டு எழுதினேன்: புருஷன் பெயர், அவன் அப்பன் பெயர், ஊர், கூட்டிப் போன கிழமை, வந்தவர்கள் போட்டிருந்த சட்டை நிறம். தேதி தெரியவில்லை, சந்தையன்று என்றாள். எந்தச் சந்தை என்று கேட்டு, காலண்டரைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்தோம். கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தும்போது, “அழுத்தி வைக்கட்டுமா சார், அழுத்தினா சீக்கிரம் விடுவாங்களா?” என்று கேட்டாள். மனுவை வாங்கிக்கொண்ட அலுவலகத்தில் ஒப்புகைச் சீட்டு தரவில்லை. அடுத்த வாரமும் போனாள். நான் எழுதிக் கொடுத்த நகலை எட்டாக மடித்து, மடித்த இடம் கிழிந்து, அதை மைதா பசை வைத்து ஒட்டி, வருஷக்கணக்கில் வைத்திருந்தாள். அவள் புருஷன் ‘தடா’ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதியாகி மைசூர்ச் சிறையில் இருப்பதாகத் தெரிந்ததே பல மாதம் கழித்துத்தான். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த அன்று அவள் எனக்கு ஒரு படி ராகி கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு அரசியல் உண்டு, அது உருவானது மைசூரில். 1973-இல் நான் அங்கே மாணவன். அமைச்சர் பசவலிங்கப்பா, தலித், ஒரு கூட்டத்தில் கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி வெறும் மாட்டுத்தீவனம் என்று பேசிவிட்டார். ஊரே எழுந்தது, தலித் மாணவர்கள் அடிபட்டார்கள், அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அவர் சொன்ன கருத்தை நான் ஏற்கவில்லை, கன்னட இலக்கியம் எனக்கு உயிர். ஆனாலும் அதைச் சொல்ல அவருக்கு இருந்த உரிமைக்காக எங்கள் விடுதியில் நாங்கள் சிலர் நின்றோம். இரண்டு வருடத்தில் நெருக்கடி நிலை வந்தது. கேள்வி கேட்பவனை உள்ளே போட ஒரு கையெழுத்து போதும் என்று நாடே அப்போது பார்த்தது. அதே சமயத்தில் அன்றைய முதல்வர் தேவராஜ் அர்சின் நிலச்சீர்திருத்தத்தால் குத்தகைதாரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனதையும் பார்த்தேன். துப்பாக்கி இல்லாமல், தீர்ப்பாயத்தில் உட்கார்ந்து, பத்திரத்தில் பெயர் மாறியது. சட்டம் ஏழையின் பக்கம் நிற்கவும் முடியும் என்று அன்று நம்பியதை இன்றுவரை நான் கைவிடவில்லை.

வயதாக ஆக என் வயதுக்காரர்கள் பலர் கண்டிப்பான ஆட்சியைத் தேடுகிறார்கள். காலை நடையில், “இப்படிப்பட்டவனையெல்லாம் நிற்க வைத்துச் சுட வேண்டும்” என்று சொல்லாத நாள் இல்லை. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அது வேண்டுமென்றே சுட்டது என்று 2022-இல் சொன்னபோது, பூத்தூவிய ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வயது எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறது. கண்டிப்பின் விலையை எந்த வீடு கொடுக்கிறது என்று நெடுநாள் பார்த்துவிட்டேன்.

நீங்கள் சாத்தான்குளத்துக்காகக் கொதித்த பிள்ளைகள். 2020-இல் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தபோது உங்கள் ஊர்களில் தெருவுக்கு வந்தீர்கள். 2025-இல் திருப்புவனம் பக்கம் கோவில் காவலாளி ஒருவர் அதேபோலச் செத்தபோதும் கேட்டீர்கள். அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதைத்தான் நான் இங்கேயும் கேட்கச் சொல்கிறேன். ஒட்டுப்படத்தில் இருப்பவன் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லாக்கப்பில் அடித்தவனும் காட்டில் தலை வெட்டியவனும் செய்தது ஒரே காரியம்: எதிரில் இருப்பவனுக்கு விசாரணை கிடையாது, என் கையே தீர்ப்பு.

இந்தக் கதையில் என்னை இன்றும் தூங்கவிடாத பகுதி ஒன்று உண்டு. அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

2000 ஜூலை 30-ஆம் தேதி இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் தன் வீட்டிலிருந்த நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிக்கொண்டு போனான். 108 நாள் வைத்திருந்தான். கர்நாடகத் தமிழர்கள் அந்த 108 நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவையொட்டித் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்போது எங்கள் தெருவில் ஒரு கன்னடக் குடும்பத்தார் சில இரவு எங்கள் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார்கள், அதனால் இருக்கிறோம். ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் எத்தனை கட்டில் வேண்டியிருக்கும்? வீரப்பனைத் தமிழர் காவலன் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று தடா கைதிகளை விட வேண்டும் என்பது. இரண்டு மாநில அரசுகளும் ஒப்புக்கொண்டன. வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்று அரசு வழக்கறிஞர்கள் கோர்ட்டில் சொன்னார்கள். அப்போது ஒரு தகப்பன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெயர் அப்துல் கரீம். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. அவர் மகன் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமது, எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு 1992 ஆகஸ்ட் 14-ஆம் தேதி மீண்யம் அருகே வீரப்பன் விரித்த வலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். கடத்தியவன் மிரட்டினான் என்பதற்காக வழக்கை விடுவது சட்டமா என்று அந்தத் தகப்பன் கேட்டார். சட்டமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 நவம்பரில் தடுத்தது.

அந்தத் தகப்பன் பக்கம் நான் நின்றேன். அதே நாளில், கிழிந்த மனுவை மைதா பசையில் ஒட்டி வைத்திருந்த அந்தப் பெண் பக்கமும் நின்றேன். இரண்டும் எப்படி முடியும் என்று நண்பர்கள் கேட்டார்கள். முடியும். தடாச் சட்டமே 1995 மே மாதம் காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்கள் அதன்பிறகும் வருஷக்கணக்கில் மைசூர்ச் சிறையில் கிடந்தார்கள். 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையானார்கள். அதாவது, அவள் புருஷனுக்குச் சட்டப்படி சேர வேண்டிய ஜாமீனை, விரைவான விசாரணையை, அரசாங்கம் ஏழெட்டு வருடம் தரவில்லை. கட்டைவிரல் அழுத்திக் கேட்டபோது கிடைக்காத ஒன்று, ஒரு கொலைகாரன் நடிகரைத் தூக்கிப் போய்க் கேட்டதும் ராத்திரியோடு ராத்திரியாக மேசைக்கு வந்தது. எது மனுவுக்கு மசியவில்லையோ அது துப்பாக்கிக்கு மசிந்தது. அப்துல் கரீம் அதைத்தான் தடுத்தார், தடுத்தது நியாயம். ஆனால் மனுவுக்கு மசிந்திருந்தால் துப்பாக்கிக்கு அந்த மரியாதையே வந்திருக்காது. உங்கள் வண்டியில் இருக்கும் படம் அந்த இடைவெளியில்தான் முளைத்தது. அதை ஒட்டியது நீங்கள் என்றாலும் பசை தடவியது அரசாங்கம்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அக்குழு அடிபட்டவர்களின் வாக்குமூலங்களைப் பதிந்து 2003 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். உடனே தமிழ்நாடு அரசு அதிரடிப்படையினர் 752 பேருக்கும் ஆளுக்கு 3 லட்ச ரூபாயும் வீட்டுமனையும் பதவி உயர்வும் அறிவித்தது. அடிபட்டவர்களுக்கான இடைக்கால நிவாரணம் 2007 ஜனவரியில் வந்தது: 89 பேருக்குச் சேர்த்து 2.80 கோடி. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 3 லட்சத்துச் சொச்சம். பிடித்தவருக்கும் தவறாகப் பிடிபட்டவருக்கும் அரசாங்கம் போட்ட விலை ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பணம் சந்தோஷத்தோடு உடனே போனது. இரண்டாவது, அறிக்கை வந்து மூன்று வருடம் கழித்து, முகம் திருப்பிக்கொண்டு போனது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தப் பெண்களின் காதில் விழவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1996-இல் பேராயர் டுட்டு தலைமையில் ஆணையம் உட்கார்ந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் பேசியதை நாடே வானொலியில் கேட்டது. நம் பெண்கள் பேசியது ஒரு அறிக்கைக்குள் போய் அலமாரிக்குப் போனது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வந்திருக்காவிட்டால் தமிழ்நாட்டில் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

சட்டத்தால் முடியாது என்று சொல்லாதீர்கள். வாச்சாத்தி உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடப் போகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கும்பல் ஊரைச் சூறையாடியது, 18 பெண்களைச் சீரழித்தது. அந்தப் பெண்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தோடு சேர்ந்து கோர்ட்டுப் படியேறினார்கள். அடையாள அணிவகுப்பில் நின்று விரல் நீட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி கோர்ட்டில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023-இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். கொடுமையான காலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாச்சாத்திப் பெண்களின் படத்தை ஒட்டிய ஒரு வண்டியை இந்தச் சாலையில் நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்படுகிறேன்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அன்று, மலைக்குப் பக்கத்து இண்டிகனத்தா கிராமத்தில் வாக்குச்சாவடியை அடித்து நொறுக்கினார்கள், இயந்திரத்தை உடைத்தார்கள். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, ஓட்டு எதற்கு என்ற கோபம். நியாயமான கோபம். பிரசவ வலி வந்தவளைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் ஊர்களுக்கு அந்தக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் பக்கத்து மெந்தாரே சோளகர்கள் சிலர் ஓட்டுப்போட நினைத்தார்கள். அவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், ஊர்ப்பெரியவர்கள் வரிசையில் கடைசியில் நிற்பவர்கள். புறக்கணிப்பு என்று ஊர் சொன்னபின் நீ எப்படிப் போகலாம் என்று அவர்கள்மேல் பாய்ந்தது அந்தக் கோபம். எனக்கு வலித்தது அங்கேதான். ஏமாற்றப்பட்டவர்கள் தங்களைவிட இளைத்தவனின் ஒரே உரிமையைப் பறிக்கிறார்கள். மூன்று நாள் கழித்து மறுவாக்குப்பதிவு வைத்தார்கள். மிகச் சிலரே வந்தார்கள். அடுத்த வருடம், 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி, கர்நாடக அமைச்சரவையே மாதேஸ்வரன் மலையில் கூடியது. வந்ததை வரவேற்கிறேன். கேமரா போனபின் ரோடு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது ஊர்க்காரர் வேலை.

அதே வருடம் ஜூனில் ஊகியம் வனச்சரகத்தில் தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷம் தின்று செத்தன. புலி அடித்த மாட்டின்மீது விஷம் தெளித்திருந்தார்கள். மாதேஸ்வரனின் வாகனம் ஐந்து ஒரே இடத்தில். மாட்டுக்காரனைத் தூக்கில் போடு என்று ஒரு கூட்டம், தமிழ்நாட்டு மாட்டைக் காட்டுக்குள் விடாதே என்று ஒரு கூட்டம். புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு. குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். அந்த மாட்டுப்பணமும் அடுத்தவனுக்கு நேரத்தில் போகட்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பவனை இரண்டு கூட்டமும் திட்டும். பழகிக்கொள்ளலாம்.

உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். பாலாறு தாண்டியதும் கோபிநத்தத்துக்குச் சாலை பிரிகிறது. அடுத்த அமாவாசைக்கு வரும்போது அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். மாரியம்மனைக் கும்பிடுங்கள், அங்கே இருக்கும் சீனிவாஸின் படத்தைப் பாருங்கள், வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளிடம் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள். வீரப்பனைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் சிலது எனக்கு எதிராகவும் இருக்கும், இருக்கட்டும்.

இரண்டாவது, உங்கள் ஊரிலேயே செய்ய வேண்டியது. கொளத்தூர், மேச்சேரி, பென்னாகரம், அந்தியூர்ப் பக்கம் ‘ஒர்க்ஷாப்’பிலிருந்தும் மைசூர்ச் சிறையிலிருந்தும் திரும்பியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எழுபது எண்பது வயதாகிறது. உங்கள் கைபேசியில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள்: பெயர், ஊர், கூட்டிப் போன கிழமை, திரும்பிய வருஷம், நிவாரணம் வந்ததா, எவ்வளவு. தேதி நினைவில்லை என்றால் எந்தச் சந்தை, எந்தத் திருவிழா என்று கேளுங்கள், கண்டுபிடித்துவிடலாம். நிவாரணம் வராதவர்களின் பட்டியலைத் தனியாக எடுங்கள். பெங்களூருக்குக் கன்னடத்தில் அனுப்ப வேண்டியதை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வராதீர்கள்.

உங்கள் நலம் நாடும்,
ஓய்வு பெற்ற ஆசிரியன்,
கொள்ளேகால்.